பன்னிரண்டாம் எண் டிராம்

படகு என்று அர்த்தம் இந்த ஊரின் பெயருக்கு.
ஆறு மட்டும் கண்ணில் படாது.
இருந்ததாம்.
நூற்பாலைகள் சாயத்தைக் கொட்டிக் கொட்டி
நாற்றம் தாங்காமல்
செங்கல் வளைவு கட்டி மூடி
மேலே தெரு போட்டுவிட்டார்கள்.
வூச் நகரத்தில்
யாரும் அதைக் குனிந்து தேடுவதில்லை.

இங்கேதான் படிக்கிறோம்
நீர் எப்படி நகர்கிறதென்று.
செவ்வாய், காலை எட்டேகால்,
ஜன்னல் இல்லாத அடித்தளம்,
ஈரக் கோட்டுகளின் வாடை.

முதல் பாடம்:
சுவரைத் தொட்டிருக்கும் நீர் நகராது.
குழாய் எத்தனை வேகத்தில் பாய்ந்தாலும்
ஓரத்தில் ஒரு மெல்லிய படலம்
அசையாமல் ஒட்டிக்கொண்டிருக்கும்.
"எங்கள் மாமா" என்றான் லெஷெக்.
"நகராட்சி அலுவலகம்.
நாலு ஆட்சி மாறியது, அதே நாற்காலி."

நான் ஏன் என்று தேடினேன்.
பக்கம் பக்கமாய் நிரூபிக்கும் புத்தகம்
இதை மட்டும் ஒரே வரியில் முடித்திருந்தது:
அவ்வாறே காணப்படுகிறது.
பார்த்திருக்கிறார்கள், எழுதிவிட்டார்கள்.
அவ்வளவுதான்.
அந்த வரியை அன்றிரவு
இரண்டு முறை படித்தேன்.

பிறகு கண்ணாடிக் குழாய்.
அதன் நடுவே ஊசிமுனையிலிருந்து ஊதா மை.
திருகைச் சற்றே திறந்தால்
நூல் பிடித்தாற்போல் போகிறது,
ஒரு மீட்டர், ஒன்றரை மீட்டர்,
நடுக்கமே இல்லாமல்.
இன்னும் கொஞ்சம் என்கிறேன்.
மூச்சை அடக்கிக்கொண்டு திறக்கிறான் லெஷெக்,
தன் மூச்சு பட்டு
கண்ணாடிக்குள் நீர் கலைந்துவிடும் என்பதுபோல.

வேகத்தை விட்டத்தால் பெருக்கி
பாகுத்தன்மையால் வகுத்தால்
அலகில்லாத ஓர் எண்.
மீட்டரும் நொடியும் ஒன்றையொன்று
அடித்துக்கொண்டு போனபின்
மிஞ்சுவது.
இரண்டாயிரத்து முந்நூறில் நூல் அறும்
என்கிறது கையேடு.

எங்களுக்கு
இரண்டாயிரத்து நாற்பதில் அறுந்தது.
மறுபடி.
இரண்டாயிரத்து எழுநூறு வரை
அறவேயில்லை.
மறுபடி.
இரண்டாயிரத்து அறுபது,
ஊதா திடீரென்று சுருண்டு
குழாய் முழுக்கப் புகைந்து போனது.
அப்போதுதான் உள்ளங்காலில் உணர்ந்தேன்.
தலைக்கு மேலே
பன்னிரண்டாம் எண் டிராம்
மூலையில் திரும்பிக்கொண்டிருந்தது.

பக்கத்து மேசையில் செலினாவும் கயெத்தானும்
இரண்டாயிரத்து முந்நூறு என்று
கச்சிதமாக எழுதி முடித்திருந்தார்கள்.
அவர்களுடைய மைப்புட்டி
மூடி திறக்காமலே நின்றது.

"நாமும் எழுதிவிடலாம்.
கேன்டீனில் சூப் தீர்ந்துவிடும்."
நியாயமான பேச்சுதான்.
நான் போனில் டிராம் நேரம் பார்த்தேன்.
ஒன்பது நாலு.
ஒன்பது பதினாறு.
ஒன்பது இருபத்தெட்டு.
திருகை இரண்டாயிரத்து நூறில் நிறுத்திக் காத்திருந்தோம்.
மூன்று முறையும்
சொன்ன நேரத்துக்கு வந்தது,
சொன்ன நேரத்துக்கு அறுந்தது.
(ஒருமுறை மட்டும் மூன்று நிமிடத் தாமதம்;
மையும் மூன்று நிமிடம் பொறுத்திருந்தது.)

அட்டவணையில் புதிதாய் ஒரு பத்தி போட்டேன்.
தலைப்பு: டிராம்.

ஐந்துக்கு மூன்று.
அந்தப் பத்தியைச் சுற்றி
ஹால்ஷ்காவின் சிவப்பு வட்டம்,
தொடர்பற்றது என்று ஒரு சொல்.
அதற்குக் கீழே பென்சிலில்,
அழிக்க மறந்ததோ வேண்டுமென்றே விட்டதோ,
ஞாயிறு இரவு பார்த்தாயா?

லெஷெக்குக்கும் மூன்றுதான்.
இரண்டு வாரம்
என் சாண்ட்விச்சில் பாதி
அவனுக்குப் போனது.

இன்று வியாழன்.
எழுந்திருக்கவே தாமதம்.
ஓடிவந்து ஏறிக் கம்பியைப் பிடிக்கிறேன்.
டிராம் கிறீச்சிட்டுக்கொண்டு
மூலையில் திரும்புகிறது.
காலுக்குக் கீழே
இரண்டாம் குழு குனிந்து நின்றிருக்கும்,
யாரோ ஒருவர்
மூச்சை அடக்கிக்கொண்டு.

மன்னியுங்கள் என்கிறேன்.
அருகில் நின்றவர்
தன் காலை நான் மிதித்ததாக நினைத்து
பரவாயில்லை என்கிறார்.